மொட்டைமாடியில் மூன்று பிரமிடு: கீசாவை வாட்டர்கலரில் வரைவது எப்படி

அத்தானுக்காக முதலில் வரைந்த பிரமிடு படம் இன்னும் என் வீட்டு பீரோவுக்கு மேலேதான் கிடக்கிறது. குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு லீவுக்கு கெய்ரோ போய் வந்தவர் அவர். ஒத்தக்கடையில் புது வீடு கட்டியதும் ஹாலுக்கு ஒரு பிரமிடு படம் வேண்டும் என்று கேட்டார். நானும் ஒரு வாரம் உட்கார்ந்து, நல்ல பேப்பர் வீணாகிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து வரைந்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா இது பிரமிடு மாதிரி இல்லையே, கோபுரம் மாதிரில்ல இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வீட்டுக்கு வந்து பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியை வைத்துப் பார்த்தேன், என் பிரமிடின் சாய்வு 65 டிகிரி. கெய்ரோவை ஒட்டிய கீசாவில் கூஃபு மன்னன் கட்டிய நிஜமான பெரிய பிரமிடின் சாய்வு 52 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. பிறந்ததிலிருந்து மதுரை மீனாட்சி கோயிலின் நாலு கோபுரத்தையும் பார்த்து வளர்ந்த கை, கல்லில் கட்டிய உயரமான எதை வரையச் சொன்னாலும் நெட்டுக்குத்தாக மேலே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இது நமக்கு மட்டும் வருகிற வியாதியும் இல்லை. ஐரோப்பியர்களின் பழைய படங்கள் பலவற்றில் பிரமிடு ஊசி மாதிரிதான் நிற்கும், ரோம் நகரில் இருக்கிற ஒல்லியான செஸ்தியஸ் பிரமிடைப் பார்த்துப் பழகிய கண் அவர்களுக்கு.

இன்னொரு விஷயம், இந்த 52 டிகிரிகூட ஒரு முகத்துக்கு நேர் எதிரே நின்று பார்த்தால்தான். மூலைக்கு எதிரே போய் நின்றால் இரண்டு பக்கமும் தெரிகிற ஓரக்கோட்டின் சாய்வு 42 டிகிரிதான் வரும். நாம் நினைப்பதைவிட ரொம்பத் தட்டை. பேப்பரில் முதல்முறை சரியான அளவில் கோடு போட்டுப் பார்த்தால் யாரோ மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கிவிட்ட மாதிரி இருக்கும். அப்படித் தோன்றினால் சரியாக வரைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

செங்குத்தாகத்தான் வரைவேன் என்று கை அடம்பிடித்தால் சூடானில் இருக்கும் மெரோவே பிரமிடுகளை வரையுங்கள். அங்கே 70 டிகிரி வரைக்கும் சாய்வு உண்டு, மணலும் செம்பு நிறமாக இருக்கும். நிறைய பிரமிடுகளுக்கு உச்சி கிடையாது, 1834இல் ஃபெர்லினி என்ற இத்தாலிக்காரர் புதையல் தேடி உடைத்துவிட்டுப் போன கதை அது. நாம் கீசாவுக்கு வருவோம்.

முதலில் கத்தரிக்கோல்

எகிப்துக்குப் போகாமல் எகிப்தை வரைகிறவர்கள் செய்கிற வேலை, போனில் நாலு போட்டோவைத் தேடி எடுத்து ஒன்றிலிருந்து பிரமிடு, இன்னொன்றிலிருந்து வானம், மூன்றாவதிலிருந்து ஒட்டகம் என்று ஒட்டுப்போடுவது. பிரமிடில் வெயில் வலது பக்கம் விழும், ஒட்டகத்தின் நிழலும் வலது பக்கமே போகும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொய் என்று தெரிந்துவிடும். அதனால் போட்டோவை நம்புவதைவிட ஒரு மாடல் செய்துகொள்வது நல்லது. செலவு ஒன்றும் இல்லை, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் போதும்.

1 செ.மீ. என்றால் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிரமிடுக்கு 11.5 செ.மீ. அடியும் 9.3 செ.மீ. உயரமும் உள்ள முக்கோணங்கள் நாலு வெட்டி ஒட்டினால் கட்டி முடித்தபோது இருந்த அசல் அளவு வந்துவிடும். அதாவது நிஜத்தில் ஒரு பக்கம் 230 மீட்டர், உயரம் 146 மீட்டர் சொச்சம். முக்கோணங்கள் சாய்ந்து நிற்பதால் மாடலின் உயரம் 9.3 இல்லை, 7.3 செ.மீ.தான் வரும். இன்றைக்கு உச்சிக் கற்கள் போய் 138 மீட்டர்தான் நிற்கிறது, உச்சியை லேசாகக் கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் இருக்கிற காஃப்ரே மன்னனின் பிரமிடுக்கு 10.8க்கு 9. மூன்றாவதான மென்காவ்ரே மன்னனின் சின்னப் பிரமிடுக்கு 5.2க்கு 4.2.

இப்போது இவற்றை மொட்டைமாடியில் வைக்க வேண்டும், ஆனால் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. மூன்று பிரமிடுகளின் பக்கங்களும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு திசையையும் அச்சாகப் பார்த்து நிற்கின்றன. போனில் திசைகாட்டி இருக்கும், அதைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். பெரியதை முதலில் வைத்து, அதன் நடுவிலிருந்து கிட்டத்தட்ட 18 செ.மீ. தெற்கு, 17 செ.மீ. மேற்கு தள்ளி காஃப்ரே. பெரியதிலிருந்தே அளந்து 37 செ.மீ. தெற்கு, 29 செ.மீ. மேற்கு தள்ளி மென்காவ்ரே. காஃப்ரேக்கு அடியில் மட்டும் அரை செ.மீ. தடிமனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். அது நிற்கிற தரை நிஜத்தில் 10 மீட்டர் அளவுக்கு மேடு. அதனால்தான் போட்டோக்களில் நடுவில் இருப்பது பெரியது மாதிரித் தெரிகிறது, பலரும் அதையே பெரிய பிரமிடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடுவில் இருப்பதற்குத்தான் உச்சியில் தொப்பி போட்ட மாதிரி பழைய பூச்சுக்கல் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தொப்பியைக் கொண்டுபோய் ஓரத்தில் இருக்கிற பிரமிடுக்குப் போட்டுவிடாதீர்கள்.

பக்கத்தில் எங்காவது கட்டட வேலை நடந்தால் கொத்தனாரிடம் ஒரு சட்டி மணல் கேட்டு வாங்கி அடியில் பரப்புங்கள். எம்சாண்டாக இருந்தாலும் பரவாயில்லை, நிழல் விழுவதற்குத் தரை வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் போனை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையை ஒட்டி வருகிற மாதிரி பிடித்து, தெற்கே போய் கொஞ்சம் மேற்கே தள்ளி வைத்துப் பாருங்கள். இடது பக்கம் சின்னது முன்னால், நடுவில் காஃப்ரே, வலது பக்கம் தள்ளிப் பின்னால் பெரியது. பாலைவனப் பக்கமிருந்து மூன்றும் சேர்ந்து தெரிகிற அந்தப் பிரபலமான காட்சி இதுதான். கிழக்கே போனால் கதை வேறு, கெய்ரோவின் கட்டடங்கள் ஸ்பிங்ஸ் சிலையின் காலடிவரைக்கும் வந்துவிட்டன. பாலைவனம் வேண்டுமென்றால் தெற்கேதான் நிற்க வேண்டும்.

எந்த வெயில்

தமிழில் பாலைத் திணைக்கு உரிய பொழுது நண்பகல். பாட்டுக்கு அது சரி, படத்துக்குச் சரிவராது. சித்திரை பிறந்து இரண்டொரு நாளில் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், அப்போது மாடியில் போய் மாடலைப் பாருங்கள். நாலு முகமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும், தரையில் நிழலே இருக்காது, கல்யாணப் பத்திரிகை கல்யாணப் பத்திரிகையாகவே தெரியும். பிரமிடின் சாய்வைவிட சூரியன் உயரத்தில் இருக்கும்வரை நிழல் அதன் அடியைத் தாண்டி வெளியே வராது. கீசாவிலும் கோடை மதியத்தில் இதே கதைதான். அங்கே மார்கழியில் மட்டும் மதியத்திலும் சூரியன் 36, 37 டிகிரிக்கு மேலே ஏறாது என்பதால் வடக்கு முகம் பகல் முழுக்க நிழலிலேயே கிடக்கும்.

அதனால் மார்கழி, தை மாதக் காலை ஏழரை, எட்டு மணியைப் பிடியுங்கள். சூரியன் தென்கிழக்கில், அதாவது நீங்கள் பார்க்கிற கோணத்தில் வலது பக்கம். அகலமான தெற்கு முகம் வெளிச்சத்தில், இடது ஓரத்தில் ஒடுங்கித் தெரிகிற மேற்கு முகம் இருட்டில், தரை நிழல் இடது பக்கமாகப் பின்னால் ஓடும். இந்த ஒரு ஏற்பாட்டைப் பேப்பரின் மூலையில் ஒரு அம்புக்குறியாகப் போட்டு வைத்துக்கொண்டால் அதற்கப்புறம் வருகிற ஒட்டகம், ஆள், கல் எல்லாவற்றுக்கும் நிழல் தானாக ஒழுங்காக விழும்.

நிழலில் ஒரு நுணுக்கம் உண்டு. தெருவில் கரண்ட் கம்பத்தின் நிழலைக் காலையில் கவனித்திருக்கிறீர்களா? கம்பத்தின் அடியை ஒட்டி நிழல் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும், தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் ஏறும்போது கம்பிகளின் நிழல் புகை மாதிரி கலங்கிவிடும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலமான வட்டம், அதனால் நிழல் ஒவ்வொரு மீட்டர் தள்ளிப் போகப் போக அதன் ஓரம் ஏறக்குறைய ஒரு செ.மீ. கலங்கும். நூறு மீட்டருக்கு மேல் உயரமான பிரமிடின் உச்சி நிழலில் இந்தக் கலக்கம் மீட்டர் கணக்கில் வந்துவிடும். ஆகவே பிரமிடின் அடியில் தொடங்குகிற நிழலுக்குக் கூர்மையான ஓரம், நிழலின் நுனிக்கு ஈரப் பிரஷ்ஷால் தடவிக் கரைத்த ஓரம். பட்டென்று இரண்டு நொடியில் செய்கிற வேலை, ஆனால் அதற்கப்புறம் பிரமிடு பெரிதாகிவிடும்.

எறும்பு அளவு ஆள்

பெரிதாகத் தெரிவதற்கு இன்னொரு வழி, ஆளைச் சின்னதாகப் போடுவது. எல்லோரும் இதில்தான் கோட்டை விடுகிறோம். பிரமிடு 138 மீட்டர், ஆள் 1.7 மீட்டர். எண்பதில் ஒரு பங்கு. பேப்பரில் பிரமிடு 16 செ.மீ. உயரம் என்றால் அதன் அடியில் நிற்கிற ஆள் 2 மில்லிமீட்டர். முதல் படத்தில் ஆசையாசையாக 2 செ.மீ. உயரத்துக்குத் தலைப்பாகை, அங்கி எல்லாம் வைத்து ஒருவரை பிரமிடில் சாய்ந்து நிற்க வைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ஆளை வைத்து அளந்தால் என் பிரமிடின் உயரம் 14 மீட்டர்கூட வராது. பைபாஸ் ரோட்டில் இருக்கிற நாலு மாடி அப்பார்ட்மென்ட் அதைவிட உயரம்.

தெற்குக் கோபுரம் 170 அடி என்பது நமக்குத் தெரியும், சித்திரை வீதியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். பெரிய பிரமிடு இன்றைய நிலையில் அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலே.

ஆளை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சுலபமான விதி. சமமான தரையில், நீங்களும் நின்றுகொண்டு பார்க்கிறீர்கள் என்றால், எவ்வளவு தூரத்தில் நிற்கிற ஆளுக்கும் தலை தொடுவானக் கோட்டை ஒட்டித்தான் வரும், கால் மட்டும்தான் தூரத்துக்குத் தகுந்த மாதிரி மேலே ஏறும். காலையில் தமுக்கம் மைதானத்தில் நடக்கிறவர்களைப் பார்த்தால் புரிந்துவிடும். முன்னால் ஒரு ஆளை கொஞ்சம் பெரிதாகப் போட ஆசை என்றால் தாராளமாகப் போடலாம், பிரமிடுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் இருந்தால் சரி.

ஒட்டகத்துக்கு ஒரு திமில். இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், ஆனால் இரண்டு திமில் போட்டு எகிப்து என்று எழுதிய படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு திமில் ஒட்டகம் மத்திய ஆசியாவின் குளிர்ப் பாலைவனத்து ஆள். பக்ரீத் சமயத்தில் நம் ஊர்ப் பக்கம் ஒட்டகம் வந்தால் போய்ப் பார்த்து கால் முட்டி எங்கே மடங்குகிறது என்று ஒரு ஸ்கெட்ச் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் இதே தவறு. நம் பழக்கத்தில் பனை வந்துவிடும். கெய்ரோ பக்கம் அது பேரீச்சை, ஓலை விசிறி மாதிரி விரியாது, தென்னை மாதிரி நீண்டு வளையும். அதையும் ஆற்றுப் பக்கம்தான் போடலாம், தெற்கே பாலைவனப் பக்கம் மரம் எதற்கு?

ஸ்பிங்ஸைச் சேர்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அது கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, நாம் நிற்கிற தெற்குக் கோணத்தில் முகம் நேராகத் தெரியாது. 1838இல் எகிப்துக்குப் போன டேவிட் ராபர்ட்ஸ் மாதிரி பழைய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைகிறவர்கள் கவனிக்க: அந்தக் காலத்தில் ஸ்பிங்ஸின் உடம்பு மணலுக்குள் புதைந்து கிடந்தது, மணலை முழுசாக அள்ளி முடித்தது 1930களில்தான். பாதி புதைந்த ஸ்பிங்ஸும் பக்கத்தில் டூரிஸ்ட் பஸ்ஸும் ஒரே படத்தில் வரக் கூடாது.

பேப்பர், கலர், தண்ணீர்

300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர் வாங்குங்கள், கொஞ்சம் சொரசொரப்பானது. பிரஷ்ஷில் மிச்சம் பிடிக்கலாம், கலரில் மிச்சம் பிடிக்கலாம், பேப்பரில் பிடித்தால் மூன்றாவது வாஷில், அதாவது தண்ணீராகக் கரைத்த கலரை அகலமாகப் பூசும்போது, நூல் நூலாகக் கிளம்பிவிடும். 11க்கு 15 இன்ச் அளவு போதும். பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம் பெரிய பிளைவுட் பலகையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

கலர் ஆறு போதும்: எல்லோ ஓக்கர், ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், கோபால்ட் ப்ளூ, அல்ட்ராமரின். கொஞ்சம் கிரிம்சன் கையில் இருந்தால் நல்லது. பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் டியூபைத் திறக்கவே வேண்டாம். பாலைவனம் என்றதும் கை நேராக அங்கேதான் போகும், மணலும் கல்லும் அந்த மஞ்சள் கிடையாது. கீசாவின் கல் சுண்ணாம்புக்கல், வெளுத்த கோதுமை நிறம், பக்கத்தில் போனால் சாம்பல் கலந்த மாதிரி. மென்காவ்ரே பிரமிடின் அடிவரிசைகளில் மட்டும் அஸ்வானிலிருந்து கொண்டுவந்த செங்கருங்கல் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் குவாரி பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின் மினுமினுப்பு கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

போர் தண்ணீரில் கலர் கலக்காதீர்கள், எங்கள் பக்கம் உப்பு அதிகம், கேன் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். கத்தரி வெயில் மாதத்தில் ஃபேனுக்கு அடியில் வானத்தை வாஷ் போட்டால் பாதி வானம் போடுவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். நான் காலை ஆறு மணிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அதற்கு மேலே ஆனால் கரண்ட் போன நேரத்தில்கூட அவ்வளவு வேகமாகக் காய்கிறது.

பெரிய பேப்பரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் யானைமலைக்கு எதிரே போய் உட்காருங்கள். மேலூர் ரோட்டிலிருந்து பார்த்தால் மலை நீளமாகப் படுத்திருக்கும். ஐந்தரை மணிக்குப் பாறை எப்படி ஆரஞ்சாக மாறுகிறது, வெயில் படாத மடிப்பு எப்படி நீலமும் ஊதாவுமாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே, போஸ்ட்கார்டு அளவு துண்டுப் பேப்பரில் மூன்றே அழுத்தத்தில் ஒரு படம்: வெள்ளைப் பேப்பர், நடுத்தரம், இருட்டு. பத்து நிமிஷம்தான். நாலு சாயங்காலம் இதைச் செய்துவிட்டு வந்தால் எகிப்து வந்த மாதிரிதான். அந்தப் பாறை வேறு, இந்தக் கல் வேறு. யானைமலை உருண்டு வழவழப்பாக, மழைத்தண்ணீர் வடிந்த கறுப்புக் கோடுகளோடு இருக்கும், பிரமிடு படிபடியாக உடைந்து கிடக்கும். வெயில் இரண்டின் மேலும் ஒரே மாதிரிதான் விழுகிறது.

வரிசையாக

பென்சிலில் தொடுவானத்தைப் பேப்பரின் கீழ்ப்பாதியில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் போடுங்கள். மாடலைப் பார்த்தே மூன்று முக்கோணங்களை லேசாகக் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். பாகைமானியை ஒரு தடவை வைத்துச் சரிபாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் வானம். பலகையின் தலைப்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்துச் சாய்த்து, கோபால்ட் ப்ளூவை மேலே கொஞ்சம் அழுத்தமாகத் தொடங்கி, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே கீழே இறக்குங்கள். கீழ் ஓரத்தில் தேங்கி நிற்கிற ஈரம் உடையாமல் இறங்கி வர வேண்டும். பாலைவனத்தில் வானத்தின் அடிப்பக்கம் நீலமாக இருக்காது, தூசி பறப்பதால் பால் கலந்த மாதிரி வெளுத்து, லேசான பழுப்போடு இருக்கும். இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. கீழே இறங்குகிற நீலத்துக்குள் அப்படியே எல்லோ ஓக்கரைக் கொண்டுபோய் விட்டால் இரண்டும் கலந்து பச்சையாகிவிடும், தொடுவானத்தில் வயல் முளைத்த மாதிரி. என்னுடைய இரண்டு நல்ல பேப்பர் அப்படிப் போயிற்று. அதற்கு மருந்து, நீலம் அநேகமாகத் தண்ணீராகிவிடும் இடத்தில் துளியூண்டு லைட் ரெட்டை விட்டு அந்த இடத்தை வெளிறிய ரோஜா நிறமாக்கிவிட்டு, அதற்கும் கீழே மட்டும் ஓக்கரைத் தொடுவது. இந்த வாஷைப் பிரமிடு, மணல் எல்லாவற்றின் மேலேயும் நிறுத்தாமல் பேப்பரின் அடிவரைக்கும் இறக்கிவிடலாம். வெயில் படும் முகத்துக்கு அதுவே முதல் பூச்சு. காஃப்ரேயின் தொப்பியை மட்டும் வெள்ளையாக விட்டுவிடுங்கள்.

முழுசாகக் காயட்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது. ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

அடுத்தது நிழல் முகங்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து, கிரிம்சனை ஒரு தொடு தொட்டு, ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் நிறையக் கலக்கிவைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தீர்ந்துபோனால் அதே நிறம் மறுபடி வராது. உச்சியிலிருந்து ஆரம்பித்து ஒரே மூச்சில் கீழே வாருங்கள். அடியை நெருங்கும்போது பிரஷ்ஷைக் கழுவி, ரா சியன்னாவைத் தொட்டு அந்த ஈரத்துக்குள்ளேயே விடுங்கள். வெயில் விழுந்த மணலிலிருந்து வெளிச்சம் எதிரொளித்து நிழல் முகத்தின் அடிப்பகுதியைச் சூடாக்கும். வெள்ளையடித்த சுவருக்கு எதிரே சிவப்புச் சேலை காயும்போது சுவரில் லேசாகச் சிவப்பு ஏறுமே, அதுதான். இது இல்லாத நிழல் அட்டையை வெட்டி ஒட்டிய மாதிரி செத்துக் கிடக்கும். அப்படியே நிற்காமல் தரை நிழலுக்கும் அதே ஈரத்தில் இறங்குங்கள், கொஞ்சம் நீலத்தைக் கூட்டிக்கொண்டு. தூரத்தில் இருக்கிற பெரிய பிரமிடுக்கு நிழலைத் தண்ணீர் விட்டு வெளிற வையுங்கள், முன்னால் இருக்கிற சின்னதற்கு அழுத்தம். மூன்றுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால் மூன்றும் ஒரே வரிசையில் வந்து நின்றுகொள்ளும்.

கல்வரிசை போடுகிற ஆசை இப்போதுதான் வரும். பெரிய பிரமிடில் இன்றைக்கு 200 வரிசைக்கு மேல் இருக்கிறது, 23 லட்சம் கல் என்பது கணக்கு. செங்கல் சுவர் மாதிரி கட்டம் போட ஆரம்பித்தால் படம் போச்சு. பிரஷ்ஷில் ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷை வெயில் முகத்தில் படுக்கை வாட்டில் தேய்த்து இழுங்கள். பேப்பரின் சொரசொரப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நாலு இடத்தில் போதும். ஓரக்கோட்டை மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி விடாமல் அங்கங்கே சின்னச் சின்னப் பல்லாக உடைத்துவிடுங்கள். தொப்பி இருக்கிற இடத்தில் ஓரம் வழவழப்பு, அதற்குக் கீழே கரடுமுரடு. தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு 23 லட்சம் கல்லும் அந்த ஓரத்திலேயே தெரிந்துவிடும்.

முன்தரைக்கு அலையலையாக மணல்மேடு போட வேண்டாம். கீசா ஒரு பாறை மேடு, சரளையும் மணலும் கலந்து கிடக்கும் தரை. ரா சியன்னாவை அகலமாக இழுத்து, ஈரம் போவதற்குள் பழைய டூத் பிரஷ்ஷால் பர்ன்ட் சியன்னாவைத் தெறித்துவிடுங்கள். வானத்தை ஒரு நியூஸ் பேப்பரால் மூடிக்கொண்டு செய்யுங்கள். கடைசியாக அந்த 2 மில்லிமீட்டர் ஆட்கள், நுனிப் பிரஷ்ஷால் ஒரு புள்ளி, அதற்குக் கீழே ஒரு சின்ன இழுப்பு, இடது பக்கம் நிழல்.

இரண்டாவது படத்தைக் கொண்டுபோனபோது அத்தான் முதலில் கேட்டதே அதைத்தான். "இது என்ன மாப்ள, எறும்பு மாதிரி?"

"ஆளுங்க அத்தான்."

படத்தைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆமாப்பா, பக்கத்துல போகப் போக நானும் இப்படித்தான் ஆனேன்" என்றார்.

ஃபிரேம் போடும்போது கண்ணாடி பேப்பரைத் தொடக் கூடாது. நடுவில் மவுன்ட் போர்டு வைக்கச் சொல்லி, நின்று பார்த்து வாங்குங்கள். முதல் படத்தை ஒரு கடையில் கண்ணாடியோடு ஒட்ட அமுக்கிக் கொடுத்துவிட்டார்கள், ஐப்பசி மழையில் வானம் முழுக்கப் பூஞ்சைப் புள்ளி. அலிசரின் கிரிம்சன் போட்ட படமாக இருந்தால் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், நிறம் போய்விடும். அத்தான் வீட்டில் வாஸ்துக்காரர் காட்டிய சுவர் சரியாக மூணு மணி வெயில் விழுகிற சுவர். இரண்டு நாள் பேச்சுக்கப்புறம் அக்கா அதை மாடிப்படிக்கு எதிரே மாட்டச் சொல்லிவிட்டாள், வாஸ்துக்காரருக்கு அந்தச் சுவரில் ஒரு காலண்டர் கிடைத்தது.